தள்ளி நில்லு அக்காவின் வரைபடம்

அலுவலகத்தில் அவளுக்குத் 'தள்ளி நில்லு அக்கா' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவ்வளவு துணிச்சல் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் கிடையாது. அவள் மேசைப் பக்கம் வந்து, விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு, கணினித் திரைக்குள் மூக்கை நுழைக்கிற ஆளிடம், தலையைக்கூடத் திருப்பாமல் "தள்ளி நில்லுங்க" என்பாள். புதிதாகச் சேர்ந்தவனுக்கும் அதேதான், முதலாளிக்கும் அதேதான். முதலாளி ஒவ்வொரு முறையும் ஓரடி பின்னால் போய், ஒவ்வொரு முறையும் அவமானப்பட்டு, மறுநாள் மறந்துவிட்டு மறுபடியும் வந்து ஊன்றுவார்.

கண்காட்சிகள், பெரிய கடைகள், காத்திருப்புக் கூடங்கள் ஆகியவற்றின் உள்ளமைப்பைச் செய்து கொடுக்கிற நிறுவனம் அது. எந்தப் பொருள் எங்கே நிற்க வேண்டும், ஜனம் எந்த வழியாக நுழைந்து எந்த வழியாக வெளியேற வேண்டும் என்று தரைப்படம் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. அந்த வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை. காரணம் வேறொன்றுமில்லை, மனிதர்களைப் பற்றி அவளுக்கு இருந்த அபிப்பிராயம் அத்தனை கீழானது. சாய இடம் கிடைத்தால் சாய்வார்கள். ஏறக் கூடாத மேடையில் பிள்ளையை ஏற்றிவிட்டுப் படம் எடுப்பார்கள். இரண்டு வழி இருந்தால் இரண்டுக்கும் நடுவில் நின்று போன் பேசுவார்கள். "கண்ணாடிச் சுவருன்னு எழுதி ஒட்டாதீங்க. எழுதினதைப் படிக்கக் கிட்டப் போய்தான் முட்டிக்குவாங்க" என்று ஒருமுறை சொன்னாள். யாரும் கேட்கவில்லை. ஒட்டினார்கள். முட்டிக்கொண்டார்கள்.

அவள் எப்போதும் அப்படி இருந்தவள் அல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் முற்றத்தை வடிவமைக்கிற வாய்ப்பு அவள் கைக்கு வந்தது. உயிரைக் கொடுத்து வரைந்தாள். வளைந்த பெஞ்சுகள், ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி. மாலையில் வீட்டுக்கு வருகிறவர்கள் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள், பேசுவார்கள், பக்கத்து வீட்டுக்காரரின் பெயராவது தெரிந்துகொள்வார்கள் என்று நினைத்தாள். கட்டி முடித்ததும் போய்ப் பார்த்தாள். ஒரு பெஞ்சில் ஓடாத சைக்கிள் ஒன்றைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். இன்னொன்றில் யாரோ மெத்தையைக் காயப் போட்டிருந்தார்கள். மூன்றாவதில் எதிர்க் கட்டடத்துக்காரர்கள் வந்து உட்காருகிறார்கள் என்று சண்டை. கடைசியில் பெஞ்சுகளைப் பிடுங்கிவிட்டு வண்டி நிறுத்தக் கோடு போட்டுத் தரும்படி குடியிருப்போர் சங்கம் கேட்டது. அந்தக் கோடுகளையும் அவளையே வரையச் சொன்னார்கள். வரைந்தாள். ஒவ்வொரு கோடும் வரைய வரைய அவளுக்குள் ஏதோ இறுகியது. அதற்குப் பிறகு மனிதர்கள் நல்லபடி நடந்துகொள்வார்கள் என்று நம்பி அவள் ஒரு படமும் போடவில்லை.

கணவர் இதற்கு நேர்மாறு. மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதித்துக் கண்ணாடி பொருத்துகிறவர். எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து மெல்லத் திருப்பி, காதுக்குப் பின்னால் கம்பி அழுத்துகிறதா என்று கேட்கிற தொழில். வருகிறவர்கள் கண்ணைக் காட்ட உட்கார்ந்து மருமகள் கதை வரை சொல்லிவிட்டுப் போவார்கள். அவரும் எல்லாவற்றையும் நம்புவார். அவரை ஏமாளி என்றுதான் அவள் வைத்திருந்தாள். ஆனால் வீட்டில் ஒரு ஏமாளி இருப்பதும் ஒரு சௌகரியம்தான். அன்றன்றைக்குச் சேர்ந்த எரிச்சலையெல்லாம் கொட்ட ஒரு காது வேண்டுமே.

இப்படி இருக்கும்போதுதான் மேதை வந்து சேர்ந்தான்.

வெளியூர்ப் பேருந்து நிலையத்தின் பழைய காத்திருப்புக் கூடத்தில் விளக்குக் கலை அமைக்கப் போவதாக முதலாளி வாயெல்லாம் பல்லாக வந்து சொன்னார். கூரையிலிருந்து நூற்றுக்கணக்கான கண்ணாடி விளக்குகள் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சென்சார். கீழே ஒருவர் தனியாக நின்றால் விளக்கு மங்கலான நீலமாக எரியும். பக்கத்தில் இன்னொருவர் வந்தால் மஞ்சளுக்கு மாறும். பலர் நெருங்கி நின்றால் அக்கம்பக்கத்து விளக்குகளும் சேர்ந்துகொண்டு, தேனீக்கூட்டம் மாதிரி மெல்ல முரல ஆரம்பிக்கும். இதைக் கற்பனை செய்தவர் பெரிய மேதை என்றார் முதலாளி. முதலாளி சொன்ன அந்த ஒரு வார்த்தையை அவள் கடைசிவரை விடவில்லை. அவர் பக்தியோடு சொன்னதை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

மேதை வந்தான். கழுத்தில் ஒரு நீளத் துணி, முன்னால் ஒரு முனை, பின்னால் ஒரு முனை. பேசுவதற்கு முன் கண்ணை மூடுவான். கண்ணைத் திறந்த பிறகும் சற்று நேரம் பேச மாட்டான். எதிரே இருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். முதலாளி பிடித்துக்கொண்டிருந்தார். ஒளிக்கு மொழி உண்டு, தனிமைக்கு நிறம் உண்டு என்று அவன் சொல்லச் சொல்ல அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் போட்ட முதல் தரைப்படத்தை அவனிடம் கொடுத்தார்கள். வாங்கினான். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். "அற்புதம்" என்றான். முதலாளியும் "அற்புதம் சார்" என்றார்.

அந்த இடத்திலேயே அவள் முடிவு கட்டிவிட்டாள். ஆளுக்குப் படம் படிக்கத் தெரியாது. வாசல் எது, சுவர் எது என்று தெரியாத ஒருவனுடைய கனவுக்கு அவள் கோடு போட வேண்டும்.

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பாள். நாற்காலி விஷயம்தான் அவளைக் கிளப்பிவிட்டது. அவள் படத்தில் நாற்காலிகள் இருந்தன. பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் உட்காரத்தானே கூடமே. மேதை கையை ஒரு வீசு வீசினான். "நாற்காலி வேண்டாம். உட்கார்ந்த மனுஷன் அணைஞ்ச விளக்கு" என்றான். முதலாளி அதைக் குறித்துக்கொண்டார்.

"மூட்டை முடிச்சோட வர்றவங்க எங்க சார் உட்காருவாங்க?" என்று கேட்டாள்.

"நடப்பாங்க. ஒருத்தரை ஒருத்தர் தேடிப் போவாங்க."

பயணிகள் மேல் அவளுக்கு இரக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. அளவெடுக்கப் போன நாட்களில் அவர்களை நன்றாகப் பார்த்திருந்தாள். தூணுக்குத் தூண் மூட்டையை அடுக்கிக் கோட்டை கட்டிக்கொண்டு, அந்நியன் யாராவது பக்கத்தில் வந்தால் பையை இழுத்து மடியில் வைத்துக்கொள்கிற ஜனம். செருப்பைத் தலைக்கு வைத்துத் தூங்குகிற ஜனம். இவர்கள் ஒருவரை ஒருவர் தேடிப் போகப் போகிறார்களாம். நாற்காலியை எடுத்தால் தரையில் படுப்பார்கள், குறட்டை விடுகிறவனுக்கு மேலே நாள் முழுக்க நீல விளக்கு எரியும், அவ்வளவுதான் நடக்கும். ஆனால் அதை யாரிடம் சொல்வது.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. விளக்குகள் மிக அடர்த்தியாக, கையெட்டும் உயரத்தில் தொங்குகிற ஒரு இடம் வேண்டும் என்றான் மேதை. அதற்கு 'இதயம்' என்று பெயர் வைத்திருந்தான். எங்கே வர வேண்டும் சார் என்று முதலாளி பேனாவைத் திறந்தார். மேதை கண்ணை மூடினான். "இதயம் எங்க துடிக்கணும்னு இடமே சொல்லும்" என்றான். இடம் பேசாது. ஆகவே அந்த வேலையும் அவள் தலையில் விழுந்தது.

மறுநாள் காலையில் அவள் கூடத்துக்குப் போனாள். ஒரு தூணோரம் நின்று பார்த்தாள். நடுக்கூடம் வெறிச்சோடிக் கிடந்தது. ஜனம் முழுக்கச் சுவரை ஒட்டித்தான். அந்நியர்கள் நெருங்கி, வரிசையாக, நகர முடியாமல் நிற்கிற இடம் அந்தக் கூடத்திலேயே ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கிழக்கு மூலையில், கழிப்பறைக் கதவுகளுக்கு முன்னால்.

அவள் சிரித்தாள். வேலையிடத்தில் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கும் பார்க்க யாரும் இல்லை.

திரும்பி வந்து, இதயத்தைத் தூக்கிக் கிழக்கு மூலையில் வைத்தாள். அத்தனை ஒழுங்காக, அத்தனை அழகாக அவள் வரைந்து பல வருஷம் ஆகியிருக்கும். விளக்குகள் ஒன்றையொன்று உரசாத இடைவெளி, வரிசை வளையும் இடத்தில் சென்சாரின் பார்வை எட்டும் கோணம், எல்லாவற்றையும் கச்சிதமாகப் போட்டாள். பிறகு அறைகளின் பெயர்களையும் கழிப்பறைச் சின்னங்களையும் மறைத்துவிட்டு அச்சிட்டாள். பொய் எதுவும் எழுதவில்லை, சொல்லாமல் விட்டாள். மேதை படத்தை வாங்கி, பழையபடி தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். ஒருமுறை நிமிர்ந்து அவளையும் பார்த்தான். "இங்கதான். இங்கயேதான்" என்றான். கையெழுத்துப் போட்டான். முதலாளி கைதட்டினார்.

அன்று வீட்டுக்குப் போனவள், சமையலறையில் நின்றபடியே கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாவம் அந்த மனிதர், ஊர் சிரிக்குமே என்றார். சிரிக்கட்டும் என்றுதான் செய்தேன் என்றாள். அவர் மேலும் ஏதோ சொல்ல வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

விளக்குகளைத் தொங்கவிடும் நாட்களில் மேதை அந்தப் பக்கமே வரவில்லை. பாதியில் வந்து பார்த்தால் இடம் வெட்கப்படுமாம். ஏணி மேல் நின்ற எலக்ட்ரீஷியன் மட்டும் ஒருமுறை கீழே குனிந்து கேட்டார்.

"மேடம், விளக்குக் கொத்து முழுக்க இங்கயா?"

"படத்துல எங்க இருக்கு?"

"இங்கதான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

அவர் கழிப்பறைக் கதவை ஒருமுறை பார்த்தார், கொத்தை ஒருமுறை பார்த்தார். பெரிய மனிதர்களின் கிறுக்குத்தனத்துக்கு வயர் இழுத்தே வயதானவர். அவர் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார்.

திறப்பு விழா வந்தது. நாடா வெட்ட உயர் அதிகாரி ஒருவர் வந்தார். நடுக்கூடத்தில் அவரைத் தனியாக நிறுத்தினார்கள். முதலாளியும் மேதையும் மரியாதைக்கு எட்டத் தள்ளி நின்றார்கள். விசையைத் தட்டியதும் அதிகாரியின் தலைக்கு மேல் நாலைந்து விளக்குகள் சீக்கு வந்த மாதிரி நீலமாக மினுக்கின. காவலர்கள் ஜனத்தைக் கயிறு கட்டித் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் ஆள் வந்தால்தானே நிறம் மாறும். அதிகாரி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். அவ்வளவுதானா என்பது போல முதலாளியைத் திரும்பிப் பார்த்தார்.

அப்போது கிழக்கு மூலை பற்றிக்கொண்ட மாதிரி எரிந்தது. நாடா வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் கழிப்பறை வரிசை நிற்கத்தானே செய்யும். காவலர் கயிறும் அங்கே எட்டவில்லை. வரிசையின் தலைக்கு மேல் மஞ்சள் வெளிச்சம் குபுகுபுவென்று பெருகியது, விளக்குகள் முரல ஆரம்பித்தன. கூடமே திரும்பிப் பார்த்தது. வரிசையின் நடுவில் இரண்டு காலையும் ஒட்டி வைத்துக்கொண்டு ஒரு பெரிய மனிதர் நின்றிருந்தார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் பையைத் தூக்கி மறைத்தார்.

"ஏன் சாமி, அவசரத்துக்கு நிக்கிறதை வெளக்கு போட்டுக் காட்டணுமா ஊருக்கு?" என்றாள் வரிசையில் நின்ற ஒரு கிழவி, எல்லோருக்கும் கேட்கும்படி.

சிரிப்பு வெடித்தது. தூணோரம் நின்றிருந்த தள்ளி நில்லு அக்காவுக்கு உள்ளுக்குள் பால் வார்த்த மாதிரி இருந்தது. முதலாளியின் முகம் செத்துப்போயிருந்தது. இந்த ஒரு நிமிஷத்துக்காக எத்தனை வருஷம் வேண்டுமானாலும் கோடு போடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் சிரிப்பு நின்றபோது காரியம் வேறு பக்கம் போயிருந்தது. கிழவி வேடிக்கையாக வரிசையை விட்டு ஒரு எட்டு விலகி நின்றாள். மேலே விளக்கு நீலமானது. திரும்பி வந்தாள், மஞ்சளானது. "நீ நவுரு பார்ப்போம்" என்று பெரிய மனிதரைத் தள்ளினாள். அவர் நகர்ந்தார், பையை இறக்கினார், பிறகு அவரே பின்னால் நின்றவரைக் கூப்பிட்டு இன்னும் கிட்ட வரச் சொன்னார். வரிசை அகன்றது, சுருங்கியது. ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் கட்டளை போட்டார்கள். போக வேண்டிய வேலையே இல்லாதவர்கள்கூட வரிசையில் வந்து நின்றார்கள். அதிகாரி கயிற்றைத் தாண்டிப் போய்ப் பார்த்தார். அவர் தலைக்கு மேலும் மஞ்சள் எரிந்தது. குழந்தை மாதிரி சிரித்தார்.

பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி மேதையிடம் ஓடினாள். இந்த இடத்தை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தீர்களா என்று கேட்டாள். மேதை கண்ணை மூடினான். திறந்தான். "மனுஷன் எந்த வரிசையில சமமாகுறான்? யோசிச்சுப் பாருங்க" என்றான்.

யோசித்தார்கள். மறுநாள் எல்லாப் பத்திரிகையும் யோசித்திருந்தது. மனிதனின் மிக எளிய தேவைக்கு மேல் ஒளியைத் தொங்கவிட்ட துணிச்சல் என்று ஒன்று எழுதியது. பக்கத்து நாடுகளிலிருந்து பார்க்க வந்தார்கள். முதலாளி, அந்த மூலையை நாங்களும் கலைஞரும் பல நாள் விவாதித்தோம் என்று பேட்டி கொடுத்தார்.

அவளுக்கு வயிறு எரிந்தது. குழி அவள் தோண்டியது, விழ வேண்டியவன் அதில் மாலையோடு நிற்கிறான். நான்தான் வைத்தேன் என்று சொல்லவும் வழியில்லை. எதற்கு வைத்தாய் என்று கேட்டால் என்ன சொல்வாள். வீட்டில் பாத்திரங்கள் சத்தமாகக் கழுவப்பட்டன. ஜனம் அங்கே சந்தோஷமாக இருக்கிறதாமே, போய் ஒருமுறை பார்த்து வரலாமா என்று கணவர் கேட்டார். கழிப்பறையில் வெளிச்சம் போட்டால் சந்தோஷப்படுகிற ஜனத்தைப் பார்க்கத் தனியாக வேறு போக வேண்டுமா என்றாள். அவர் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னார்.

சில வாரங்கள் கழித்து ஒரு முற்பகலில் மேதை அலுவலகத்துக்கு வந்தான். கழுத்தில் துணி இல்லை. சாதாரணச் சட்டை. முதலாளி வெளியே போயிருந்தார். அவன் நேராக அவள் மேசைக்கு வந்து, சொல்லாமலே தள்ளி நின்றான். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு ஆஸ்பத்திரி நடைபாதை வந்திருக்கு. நீங்க படம் போட்டாத்தான் எடுத்துக்குவேன்னு சொல்லிட்டேன்" என்றான்.

"ஏன், நான் எதுக்கு? இடமே சொல்லுமே சார்."

அவன் அந்தக் குத்தலைக் கண்டுகொள்ளவில்லை. "அந்த மூலையில சுவர் மத்ததை விடத் தடிமனா இருந்துச்சு. ரெண்டு கதவு பக்கத்துப் பக்கத்துல. பின்னால குழாய் இறங்குற வழி. பேரை எடுத்துட்டீங்க, சுவரை எடுக்க முடியாதுல்ல? அது என்ன, நூலகமாவா இருக்கும்?"

அவள் காது மடல் சூடானது. "படத்தைத் தலைகீழா இல்ல பிடிச்சிருந்தீங்க?"

"பின்வாசல் வழியா வர்றவனுக்குக் கூடம் அப்படித்தானே தெரியும். பத்து வருஷம் ஒரு குழாய் ஒப்பந்தக்காரர்கிட்ட படம் போட்டவன் நான். வெளிய சொல்றதில்ல. சொன்னா விளக்கைக் குழாய்னுதான் பார்ப்பாங்க."

"தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்டீங்க?"

"நான் வெச்சிருந்தா நடுவுலதான் வெச்சிருப்பேன். நடுவுல எவனும் நிக்க மாட்டான்னு எனக்கும் தெரியும். ஆனா நடுவுல வெக்காம இருக்கத் தைரியம் வராது. நீங்க வெச்சீங்க. என்னைக் கேவலப்படுத்த வெச்சீங்க, அதுவும் தெரிஞ்சுது." இம்முறை கண்ணை மூடவில்லை. "ஊர் சிரிச்சதோட விட்டிருந்தா உங்க தலையில போட்டிருப்பேன். சிரிச்சதோட நிக்கல, ரசிச்சுச்சு. அதனால என் தலையில போட்டுக்கிட்டேன்."

மன்னிப்புக் கேட்கிறானா, பெருமை பேசுகிறானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டும் இல்லை, உள்ளதைச் சொல்கிறான் என்று புரிந்தபோது அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. இத்தனை வருஷத்தில் அவள் போட்ட படத்தை முழுசாக, சுவரின் தடிமன் வரை, அதற்குள்ளிருந்த விஷம் வரை படித்தவன் இவன் ஒருவன்தான். அதுவும் இப்படிப்பட்டவனாகவா இருக்க வேண்டும். அவனைத் திட்ட வாயைத் திறந்தாள். திட்டுவதற்குக் கொஞ்சம் உயரத்தில் நின்றாக வேண்டும். அன்றைக்கு அந்த உயரம் கிடைக்கவில்லை.

"நாற்காலி இருக்கும்" என்றாள் கடைசியில். "ஆஸ்பத்திரிக்கு வர்றவன் நோயாளி. அவன் ஒளியைத் தேட மாட்டான், உட்கார இடம் தேடுவான். நாற்காலில கை வெச்சீங்கன்னா எழுந்து போயிட்டே இருப்பேன்."

"இருக்கட்டும்."

"அப்புறம் என் முன்னாடி கண்ணை மூடாதீங்க. எரிச்சலா இருக்கு."

"அது பழகிப்போச்சு" என்றான். ஆனால் ஒத்துக்கொண்டான்.

அன்று மாலை வீட்டில் அவள் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டதைக் கணவர் பார்த்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். நடந்ததைச் சொன்னாள்.

"அப்ப வேலைக்கு ஒத்துக்கிட்டியா?"

"ஒத்துக்கிட்டேன்."

"அந்த ஆளைக் கண்டாலே ஆகாதுன்னியே."

"இப்பவும் ஆகாது" என்றாள். "முட்டாள்னு நினைச்சிட்டிருந்தேன். முட்டாள் இல்ல, அயோக்கியன். முட்டாளோட வேலை செய்றதுக்கு அது தேவலாம்."

கணவர் சிரித்ததை அவள் கவனித்தாள். ஆஸ்பத்திரி நடைபாதைக்குப் பிறகு இருவரும் சேர்ந்து இன்னும் சில இடங்கள் செய்தார்கள். ஒருவரை ஒருவர் ஒரு நாளும் பாராட்டிக்கொண்டதில்லை. அவன் பத்திரிகைக்காரர்களுக்கு முன்னால் கண்ணை மூடும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரில் எங்கே சாயப் போகிறார்கள் என்று ஜனத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.